தவளையை எண்ணாதீர்கள், முட்டையைத் தேடுங்கள்

வால்பாறைப் பக்கம் தவளை பார்க்கப் போய்வருகிறேன் என்று தெரிந்தால் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "எத்தனை வகை பார்த்தீங்க?" கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது, பறவைக்கும் பட்டாம்பூச்சிக்கும் அப்படித்தானே பட்டியல் போட்டுப் பழகியிருக்கிறோம். ஆனால் காடு துண்டுதுண்டாகிப் போன இடத்தில் அந்த எண்ணிக்கை நம்மை நன்றாகவே ஏமாற்றும். பல மழைக்காலங்கள் ஓடைக்கரைகளில் டார்ச்சோடு சுற்றியதில் எனக்குப் பிடிபட்டது இவ்வளவுதான்: ஓர் இடத்தில் எத்தனை வகைத் தவளை கத்துகிறது என்பது இரண்டாவது கேள்வி, எது அங்கே முட்டையிடுகிறது, அந்த முட்டை பிழைக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். வால்பாறை மேட்டுநிலம் சுமார் 220 சதுர கிலோமீட்டர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் காட்டை வெட்டித் தோட்டம் போட ஆரம்பித்தார்கள். இன்று பெரும்பகுதி தேயிலை, ஆங்காங்கே நிழல்மரங்களுக்குக் கீழே காப்பியும் ஏலமும், விறகுக்கென்று வைத்த யூக்கலிப்டஸ், இவற்றுக்கு நடுவில் சில ஏக்கரிலிருந்து சில நூறு ஏக்கர் வரை நாற்பது வாக்கில் மழைக்காட்டுத் துண்டுகள். சுற்றிவர ஆனைமலைப் புலிகள் காப்பகம். ஒரே ஓடை காட்டுத் துண்டில் பிறந்து, காப்பிக்குள் நுழைந்து, தேயிலை வழியாக வெளியே வரும். தவளை பார்க்கிறவனுக்கு இதைவிட நல்ல பாடசாலை கிடையாது, ஏனென்றால் ஓடையோடு நடந்தாலே நிலம் மாற மாறக் குரல்கள் எப்படி மாறுகின்றன என்று காதிலேயே விழுந்துவிடும்.

ஜூன் மாத ராத்திரி ஒன்றில் தேயிலைக்குள் நின்றால் காது அடைக்கும் அளவுக்குச் சத்தம் இருக்கும். புதிதாகப் போகிறவர்கள் அதைக் கேட்டுவிட்டு, "பரவாயில்லையே, தோட்டத்திலும் தவளை செழிப்பாகத்தான் இருக்கு" என்பார்கள். கொஞ்சம் நின்று யார் யார் என்று பார்த்தால், வடிகாலில் சாதாரணத் தேரை, கரையில் சமவெளி வாய்க்கால்களிலும் பார்க்கிற சிறு தவளைகள், சிமெண்ட் தொட்டியின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு ஒரு மரத்தவளை. இவற்றுக்கெல்லாம் வேண்டியது சில வாரம் தேங்கி நிற்கும் தண்ணீர், அவ்வளவுதான். பொள்ளாச்சியில் இறங்கினாலும் இதே கூட்டம் இருக்கும். காடு போன பிறகு வந்து சேர்ந்தவையும் இதில் உண்டு. பட்டியலில் அவையும் ஒவ்வோர் எண்ணாகத்தான் சேரும், அங்கிருந்து காணாமல் போனவற்றின் இடத்தை நிரப்பிவிட்டு எண்ணிக்கையை அப்படியே காட்டும்.

காணாமல் போகிறவை எவை என்று புரிய, முட்டையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையில் இருநூறுக்கும் மேற்பட்ட நீர்நில வாழ்விகள் இருக்கின்றன, அவற்றில் பெரும்பாலானவை உலகில் வேறெங்கும் கிடையாது. பள்ளிக்கூடத்தில் படித்த முட்டை, தலைப்பிரட்டை, கால் முளைப்பது, வால் சுருங்குவது என்ற வரிசையை இவற்றில் பல கடைப்பிடிப்பதே இல்லை. புதர்த்தவளைகளை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டைவிரல் நகத்தில் உட்கார்ந்துவிடும் அளவில்கூட உண்டு. தண்ணீர்ப் பக்கமே போகாமல் இலைமேலோ சருகுக்கடியிலோ கொஞ்சம் முட்டைகள் வைக்கும், தலைப்பிரட்டை என்ற பருவம் முட்டைக்குள்ளேயே கழிந்து, நேரே குட்டித் தவளையாக வெளியே வரும். இடுப்புயரச் செடி ஒன்றின் இலையில் இப்படி ஒரு கொத்தைப் பக்கத்தில் பார்த்திருக்கிறேன். ஊறவைத்த ஜவ்வரிசி போல ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன, சாய்வாக வெளிச்சம் விட்டபோது ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு கறுப்புக் கண்கள், மடித்த கால், மெல்லிய வால் எல்லாம் தெரிந்தன, ஒன்று உள்ளேயே திரும்பிப் படுத்தது. அந்த முட்டைக்கு ஓடு கிடையாது. அதைச் சுற்றியிருக்கும் காற்று ஈரமாக இருக்கும் வரைதான் அதற்கு உயிர். தேயிலை ஓரத்திலிருந்து வெயிலும் காற்றும் காட்டுத் துண்டுக்குள் நுழைகிற தூரம் வரை அந்த இலை முட்டைக்கு உதவாது, மரம் நின்றாலும் சரி.

ஓடைத் தவளைகள் வேறு ரகம். இரவுத் தவளைகளில் பல, ஓடைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் இலையிலோ பாறைச் சரிவிலோ முட்டை வைக்கும், ஆண் அதன் அருகிலேயே காவல் இருக்கும், தலைப்பிரட்டை வெளிவந்ததும் கீழே தண்ணீரில் விழும். ஆகவே தண்ணீர் மட்டும் இருந்தால் போதாது, தண்ணீருக்கு மேலே சாய்ந்த செடி வேண்டும். நடனத் தவளைகள் என்று ஒரு கூட்டம் உண்டு, பகலில் பாறைமேல் உட்கார்ந்து பின்னங்காலை ஒரு பக்கமாக நீட்டி விரித்துக் காட்டி இன்னொரு ஆணை மிரட்டும். 2014இல் ஒரே கட்டுரையில் இந்த இனத்தில் 14 புதிய வகைகளை விவரித்தார்கள். ஆய்வாளர்கள் கவனித்த ஒரு வகையில், பெண் தவளை ஓடைப் படுகையைப் பின்னங்காலால் தோண்டி முட்டையிட்டு மூடிவிடுகிறது. இன்னொரு வகையின் தலைப்பிரட்டை படுகை மணலுக்கும் சரளைக்கும் உள்ளேயே புதைந்து வளர்கிறது. சரி, இப்போது மேலே எங்கோ சாலை அகலப்படுத்தி மண்ணைச் சரிவில் தள்ளுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே ஓடையில் தண்ணீர் ஓடும், கரையில் மரம் இருக்கும், புகைப்படத்தில் காடு அழகாகவே வரும், ஆனால் சரளைக் கற்களுக்கு இடையிலான சந்தெல்லாம் சேறு அடைத்துப் போயிருக்கும்.

பாறையில் வாழும் தாவும் தவளைகளின் தலைப்பிரட்டைகளோ தண்ணீருக்குள்ளேகூட இல்லை, பாறை முகத்தில் படலமாக வழிகிற ஈரத்தில் ஒட்டிக்கொண்டு வாலால் துள்ளித் துள்ளி நகரும். அந்த வழியலை ஒரு குழாய் வைத்துத் தொட்டிக்குத் திருப்பினால் கதை முடிந்தது. குழாய் வைத்தவருக்குத் தெரிய வாய்ப்பே இல்லை, வெறும் பாறை ஈரம் என்றுதான் நினைத்திருப்பார். அகத்தியமலைப் பக்கம் இதைவிட விசித்திரம்: ஓடையோர நாணல்மூங்கிலின் கணுவிடைக்குள், ஏற்கெனவே இருக்கும் சின்னத் துளை வழியாக நுழைந்து உள்ளேயே முட்டை வைத்து, ஆண் காவல் இருக்கிற வெண்புள்ளிப் புதர்த்தவளை. 1876இல் விவரிக்கப்பட்டு, நூறாண்டுக்கு மேல் யார் கண்ணிலும் படாமல், 2010இல் தவளை ஆய்வாளர் எஸ்.டி. பிஜு தொடங்கிய காணாமல்போன தவளைகளைத் தேடும் முயற்சியில் மறுபடி கிடைத்தது. அந்த மூங்கிலை எப்போது, எப்படி வெட்டுகிறார்கள் என்பதில்தான் அதன் எதிர்காலம் இருக்கிறது.

இவ்வளவையும் சொல்வதற்குக் காரணம், களத்தில் என் பார்வை இதனால் மொத்தமாக மாறிவிட்டது. முன்பெல்லாம் ஓர் ஓடைக்குப் போனால் தவளையைத் தேடுவேன். இப்போது முதலில் பகலில் போய், கரையில் எத்தனை அடிக்குச் செடி இருக்கிறது, தண்ணீர் மேல் கிளை சாய்ந்திருக்கிறதா, சருகு கையளவு ஆழமாவது இருக்கிறதா, கல்லுக்கடியில் சேறா சரளையா என்று பார்த்துக் குறித்துக்கொள்கிறேன். அப்புறம்தான் ராத்திரி வேலை. காப்பித் தோட்டத்தில் உள்ளூர் மரங்களை நிழலுக்கு விட்டு, ஓடையோரத்தைச் சுரண்டாமல் வைத்திருந்தால், அங்கே முட்டை கிடைக்கிறது. பெயருக்குக் காட்டுத் துண்டுதான், ஆனால் உள்ளே மாடு மேய்ந்து, விறகு பொறுக்கி, தரை தகடாக இறுகிப் போயிருக்கிறது என்றால் ஆண்கள் கத்திக்கொண்டுதான் இருக்கும், முட்டை கிடைப்பது அரிது. வரைபடத்தில் பச்சை நிறம் போட்டிருப்பதை வைத்து முடிவெடுக்கிறவர்கள் ஒருமுறை குனிந்து சருகைப் பார்க்கலாம்.

களத்துக்குப் போக நினைக்கிறவர்களுக்கு நடைமுறை விஷயங்கள் சில. அனுமதி முதலில். காப்பகத்துக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் ராத்திரி கால் வைக்கக்கூடாது, தோட்டத்துக்குள் என்றால் மேலாளரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். வால்பாறையில் யானை பக்கத்தில் இருந்தால் எரிகிற சிவப்பு விளக்குகளை அங்கங்கே வைத்திருக்கிறார்கள், அது எரிந்தால் அன்றைக்குத் தவளை இல்லை, திரும்பிவிட வேண்டியதுதான். தனியாகப் போகாதீர்கள். எங்களோடு வருகிற காடர் பழங்குடி அண்ணன் ஒருவர் இருக்கிறார், ஹெட்லைட்டைக்கூட அணைத்துவிட்டுத்தான் நடப்பார். ஒரே மாதிரி டிக் டிக் என்று எனக்குக் கேட்கும் இரண்டு குரல்களை, "தம்பி, இது காப்பிக்குள்ள கத்துறது, அது சோலையை விட்டு வெளிய வராது" என்று பிரித்துச் சொல்லிவிடுவார். புதர்த்தவளைகளில் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பவை நிறைய. ஒரே வகை விதவிதமான நிறத்தில் இருப்பதும் உண்டு. படத்தை மட்டும் வைத்துப் பெயர் சொல்வதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. போன் இருந்தால் போதும், தவளைக்கு முன்னால் அசையாமல், பேசாமல், ஓரிரு நிமிடம் குரலைப் பதிவு செய்யுங்கள், நேரம், மழை நின்று எவ்வளவு நேரம் ஆயிற்று, தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் உட்கார்ந்திருந்தது என்பதையும் அந்தப் பதிவின் கடைசியில் வாயாலேயே சொல்லி முடியுங்கள். வீட்டுக்கு வந்து எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் எதுவும் நினைவிருக்காது.

பருவத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தவளைக்கு ஜூன், ஜூலை என்று எல்லோரும் சொல்வார்கள். மலையின் மேற்குப் பக்கத்துக்கு அது சரி. ஆண்டு முழுவதும் மண்ணுக்கடியில் கரையான் தின்றுகொண்டிருக்கும் ஊதாத் தவளையை 2003இல் பிஜுவும் ஃபிராங்கி பொசுயிட்டும் விவரித்தார்கள், அது கோடை மழையின் கடைசியில், தென்மேற்குப் பருவமழை தொடங்கும் சமயத்தில் சில நாட்கள் மட்டும் வெளியே வந்து முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். அதே பேரினத்தின் இன்னொரு வகை 2017இல் திருவில்லிபுத்தூர்ப் பக்கத்திலிருந்து விவரிக்கப்பட்டது, மலையின் கிழக்குச் சரிவில் இருப்பதால் அது வடகிழக்குப் பருவமழையோடு வெளியே வருகிறது. ஜூனில் மட்டும் போய்ப் பார்த்தவருக்கு அந்தச் சரிவில் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அதனால் ஓர் இடத்தில் ஒன்றைக் காணவில்லை என்பதற்கும் அங்கே அது இல்லை என்பதற்கும் உள்ள தூரம் ரொம்பப் பெரியது. "இல்லை" என்று எழுதும் முன் இரண்டு பருவத்திலும், நல்ல மழை ராத்திரியிலும், மழை விட்ட மறுநாளும் போயிருக்க வேண்டும்.

தொடுவது பற்றி. கூடுமானவரை தொடாதீர்கள், தோலால் மூச்சு விடுகிற உயிர் அது, நம் கையில் என்ன இருக்கிறதோ அது நேரே உள்ளே போகும். கொசுவிரட்டி தடவிய கையோடு பிடிப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன், அட்டைக்குப் புகையிலைத் தூளோ உப்போ தேய்த்த கையும் அப்படியே. அட்டைக்கு அட்டை சாக்ஸ் போட்டால் போதும். ஆய்வுக்காகப் பிடித்தே ஆகவேண்டும் என்று அனுமதி வாங்கியவர்கள் ஒவ்வொரு தவளைக்கும் புதுப் பை, புதுக் கையுறை பயன்படுத்துவார்கள். தலைப்பிரட்டைக்குக் கையுறையே கெடுதல், அதற்குச் சின்ன வலைதான். ஓர் ஓடையிலிருந்து இன்னோர் ஓடைக்குப் போகும்போது பூட்ஸிலிருக்கும் மண்ணைத் தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் கரைசலில் நனைத்து எடுங்கள், அல்லது வெயிலில் முற்றாகக் காயவிட்டு மறுநாள் போங்கள். இது வெறும் சுத்தக் கணக்கு இல்லை. 1990களின் கடைசியில் கண்டுபிடிக்கப்பட்ட கைட்ரிட் பூஞ்சை, தவளையின் தோலைத் தாக்கி, 2019இல் வந்த கணக்குப்படி குறைந்தது 501 வகை நீர்நில வாழ்விகளை அருகச் செய்திருக்கிறது, அதில் 90 அழிந்தே போயிருக்கும் என்று கருதுகிறார்கள். அந்தப் பூஞ்சை மேற்குத் தொடர்ச்சி மலைத் தவளைகளிலும் கிடைத்திருக்கிறது. மத்திய அமெரிக்காவில் நடந்தது போன்ற கூட்டச் சாவு இங்கே பதிவாகவில்லை என்பது ஆறுதல்தான், அதற்காகப் பூட்ஸைக் கழுவாமல் இருக்கக் காரணம் இல்லை. இதே காரணத்துக்காகத்தான், தொட்டியில் விழுந்த தவளையை "காப்பாற்றி" பத்து கிலோமீட்டர் தள்ளிக் காட்டில் விடுகிற நல்ல மனசுக்காரர்களிடம் நான் சண்டை போடுவது. விழுந்த தொட்டிக்குப் பக்கத்திலேயே விடுங்கள். இன்னும் நல்லது, ஏறி வர ஒரு மரக்கட்டையைத் தொட்டிக்குள் சாய்த்து வையுங்கள்.

படம் எடுக்கிறவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, ஆனால் சொல்லியாக வேண்டும். நல்ல பின்னணி வேண்டும் என்று தவளையை எடுத்து பாசிக் கல்லில் வைப்பது, முட்டை உள்ள இலையைக் கிள்ளித் தூக்கிப் பிடிப்பது, காவல் இருக்கும் ஆணை ஃபிளாஷால் விரட்டிவிட்டு முட்டையைப் படமெடுப்பது, எல்லாம் நடக்கிறது. காவல் போன முட்டையை எறும்போ நண்டோ எடுத்துக்கொண்டு போக வெகு நேரம் ஆகாது. புரட்டிய கல்லையும் கட்டையையும் இருந்தபடியே திருப்பி வையுங்கள். படத்தைப் பகிரும்போது இடக்குறியை நீக்கிவிடுங்கள். ஐநேச்சுரலிஸ்ட் போன்ற உயிரினப் பதிவுத் தளங்களில் அருகிவரும் வகைகளின் இடத்தைத் தானாகவே மங்கலாக்கிவிடுவார்கள், முகநூலில் அப்படி யாரும் செய்ய மாட்டார்கள்.

"காப்பகம்தான் இருக்கிறதே, தோட்டத்துக்குள் எதற்கு இவ்வளவு பாடு?" என்று ஒரு நண்பர் கேட்டார். கோஸ்டாரிகாவின் லா செல்வாவைச் சொன்னேன். நன்றாகப் பாதுகாக்கப்பட்ட தாழ்நில மழைக்காடு, யாரும் வெட்டவில்லை, ஆனாலும் 1970 முதல் 2005 வரையிலான 35 ஆண்டுகளில் தரைச்சருகில் வாழும் தவளைகளின் எண்ணிக்கை ஏறக்குறைய 75 சதவீதம் குறைந்தது, தட்பவெப்பம் மாறித் தரையில் சருகு குறைந்ததுதான் காரணமாக இருக்கும் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். அதே நாட்டின் மான்டிவெர்டே மேகக்காட்டுத் தங்கத் தேரை 1989க்குப் பிறகு காணப்படவே இல்லை, அதுவும் பாதுகாக்கப்பட்ட காட்டில்தான் இருந்தது. 2023இல் வெளியான உலகளாவிய மதிப்பீட்டில் 8,011 வகைகளைப் பார்த்து, ஐந்தில் இரண்டு அழியும் ஆபத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். வாழிட இழப்புதான் இன்னும் பெரிய மிரட்டல், ஆனால் 2004க்குப் பிறகு நிலை மோசமான வகைகளில் 39 சதவீதத்துக்கு முதன்மைக் காரணம் காலநிலை மாற்றம். வேலி போட்டுவிட்டால் ஈரம் உள்ளேயே நின்றுவிடாது. வெயில் கூடினால் மேலே ஏறவோ குளிர்ந்த ஓடைக்கு நகரவோ தவளைக்கு வழி வேண்டும், அந்த வழி தேயிலைக்கு ஊடாகத்தான் போகிறது.

தோட்டத்தில் என்ன செய்யலாம் என்றால், மரம் நடுவதைத்தான் எல்லோரும் முதலில் பேசுவார்கள். நடட்டும், நல்லதுதான், வால்பாறையில் இருபது ஆண்டுக்கு மேலாக உள்ளூர் மரக்கன்றுகளை நட்டுச் சிதைந்த காட்டுத் துண்டுகளை மீட்கும் வேலை நடக்கிறது, பழைய நடவுகளுக்குள் போனால் தரையில் சருகு சேர்ந்திருப்பதைக் காலே சொல்லும். ஆனால் பணம் குறைவாக இருந்தால், ஓடையோரத்தை முதலில் பிடியுங்கள் என்பது என் அபிப்பிராயம். இரண்டு கரையிலும் ஒரு பட்டை நிலத்தில் தேயிலையைப் புதிதாக நடாமல், களைக்கொல்லி அடிக்காமல், கத்தியோடு "சுத்தம்" செய்யாமல் விட்டாலே சில மழைக்காலத்தில் தண்ணீர்மேல் செடி சாய்ந்துவிடும். மேலாளரிடம் பேசும்போது "தவளையைக் காப்பாற்றுங்கள்" என்று ஆரம்பித்தால் சிரிப்பார். கரை அரிக்காது, கோடையில் ஊற்று நிற்கும், குடியிருப்புக்குப் போகும் தண்ணீரில் மருந்து கலக்காது என்று ஆரம்பித்தால் காது கொடுப்பார். ஏற்றுமதிக்காகச் சுற்றுச்சூழல் சான்றிதழ் வாங்கிய தோட்டம் என்றால் இன்னும் சுலபம், ஓடையோரம் மருந்து அடிக்காத பட்டை விடவேண்டும் என்ற விதி அதிலேயே இருக்கும், அந்தப் பட்டை எங்கே என்று வரைபடத்தில் காட்டச் சொல்லுங்கள், காட்டிய இடத்துக்கு அவரோடேயே நடந்து போங்கள். மருந்து அடிக்கிற ஆட்களிடமும் பேசுங்கள். எல்லைக் கம்பு நட்டு வைத்தால்தான் அவர்களுக்கும் எங்கே நிறுத்துவது என்று தெரியும்.

கடைசியாகச் சாலை. ஆனைமலைச் சாலைகளில் அடிபட்டுச் சாகும் நீர்நில வாழ்விகளைப் பற்றி 2001லேயே ஆய்வு வந்திருக்கிறது, இன்றைக்கும் முதல் மழை ராத்திரியில் நடந்து பார்த்தால் தாரில் அப்பிக் கிடக்கும். தவளை மட்டுமல்ல, சிசிலியன்கள் எனப்படும் காலே இல்லாத நீர்நில வாழ்விகளும். மண்புழுவென்றோ பாம்பென்றோ நினைத்து மிதித்தும் அடித்தும் கொல்கிறார்கள், மனிதருக்கு எந்த ஆபத்தும் செய்யாத பிராணி அது, தாய் முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு படுத்துக் காக்கும். கோடை மழை பிடித்த முதல் ஒன்றிரண்டு வாரம், இருட்டியதிலிருந்து பத்து மணி வரை, ஓடை சாலையைக் கடக்கும் திருப்பங்களில் வண்டியை மெதுவாக விடுங்கள், முடிந்தால் அந்த நேரத்துப் பயணத்தையே தவிர்த்துவிடுங்கள். கல்வெர்ட்டுகளில் குப்பையும் மண்ணும் அடைத்திருந்தால் தவளைக்குச் சாலைமேல் ஏறுவதைத் தவிர வழியில்லை, ஏப்ரலிலேயே ஊராட்சியிலோ நெடுஞ்சாலைத் துறையிலோ எழுதிக் கொடுத்தால் மழைக்கு முன் வாரிவிட வாய்ப்பு உண்டு, ஜூனில் கொடுத்தால் அடுத்த வருடத்துக் கதைதான். மனுவோடு அடைப்பின் படத்தையும், எந்தத் திருப்பம், எந்தக் கிலோமீட்டர் கல் என்பதையும் சேர்த்துக் கொடுங்கள்.